வாய்ப் புற்றுக்கு அறுவை முடிந்தபின் "திரும்ப வருமா" என்று சொல்லும் பரிசோதனைகள்

என்னிடம் வந்த கேள்வி இது. அப்பாவுக்கு நாக்கின் ஓரத்தில் புற்றுநோய். அறுவையில் கட்டியை எடுத்துவிட்டார்கள், கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் மார்ஜின், அதாவது வெட்டியெடுத்த திசுவின் விளிம்பு, சுத்தம் என்று இருக்கிறது. ஒரே ஒரு முடிச்சில் புற்று இருந்தது, அதுவும் முடிச்சின் உறையைத் தாண்டவில்லை. கீழே பி16 நெகட்டிவ், பி53 பாசிட்டிவ், கேஐ-67 அதிகம் என்று மூன்று வரிகள். இப்போது ஓர் ஆய்வகம் கட்டியின் மரபணுக்களையும் இரத்தத்தையும் பரிசோதித்து, நோய் திரும்புமா என்று சொல்லிவிடலாம் என்கிறது. செய்வதா, வேண்டாமா?

நான் பேத்தாலஜி துறையில் இருக்கிறேன். அறுவை அறையிலிருந்து வரும் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. நேராகவே சொல்கிறேன்: அப்பாவின் அடுத்தகட்ட சிகிச்சையைத் தீர்மானிக்கப் போவது அந்த ரிப்போர்ட்டின் மேல்பாதி. கட்டியின் அளவு, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, மார்ஜின் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை முடிச்சுகளில் புற்று, உறை கிழிந்திருக்கிறதா, நரம்பைச் சுற்றிப் படர்ந்திருக்கிறதா என்ற விவரங்கள். நாக்கு, கன்னம், ஈறு போன்ற வாய்ப் புற்றுகளில் அறுவைக்குப் பின் சிகிச்சையை மாற்றும் அளவுக்கு நிரூபணமான மூலக்கூறு மார்க்கர் (மரபணு, புரதம் போன்ற அடையாளக் குறி) எதுவும் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. 30 வருடமாக நல்ல ஆராய்ச்சி நடந்தும் ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொண்டால், அந்த ஆய்வகத்திடம் என்ன கேட்பது என்பதும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் "திரும்ப வருவது" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒரே விஷயம் கிடையாது. அறுவை நடந்த இடத்தில் மைக்ராஸ்கோப்புக்கும் சிக்காத சில செல்கள் தங்கிவிட்டு வளரலாம். கழுத்து முடிச்சு ஒன்றில் ஏற்கெனவே ஒளிந்திருந்தது வெளியே தெரியலாம். நுரையீரல் போன்ற தூர உறுப்புக்கு முன்பே போய்விட்ட செல்கள் பின்னால் தலைகாட்டலாம். நான்காவது வகைதான் வாய், தொண்டைப் பகுதிக்கே உரியது: பழைய புற்று முழுதாகப் போயிருக்கும், பக்கத்துச் சவ்வில் புதிதாக இன்னொன்று கிளம்பும். குடும்பத்தார் கண்ணுக்கு இதுவும் "திரும்ப வந்துவிட்டது"தான். உயிரியலில் அது வேறு கதை.

இந்த நான்காவதை முதலில் தெளிவாகச் சொன்னவர்கள் ஸ்லாட்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும். 1953இல் 783 வாய்ப் புற்று நோயாளிகளின் திசுக்களைப் பார்த்து, கட்டியைச் சுற்றிக் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் சவ்விலும் மாறிப்போன செல்கள் இருப்பதைக் காட்டினார்கள். புகையிலை, பாக்கு, மது எல்லாம் படுவது ஓர் இடத்தில் மட்டுமா? முழுப் பரப்பிலும் படுகிறது. அதனால் வயல் முழுக்கக் களை விதை விழுந்திருக்க, முளைத்த ஒரு செடியை மட்டும் வேரோடு பிடுங்கிய நிலைதான் அறுவைக்குப் பின்னும். பிற்காலத்தில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மரபணு வழியாக இதை உறுதிப்படுத்தினார்கள். செல் கட்டுமீறி வளராமல் காக்கும் டிபி53 மரபணுவில் பிறழ்வும், 3பி, 9பி, 17பி குரோமோசோம் பகுதிகளில் இழப்பும் உள்ள செல்கூட்டங்கள் கட்டியைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் வரைகூடப் பரவியிருக்கலாம். மைக்ராஸ்கோப்பில் அவை பெரும்பாலும் சாதாரணச் சவ்வு போலவே தெரியும்.

ஆகவே எந்த மார்க்கரைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது, அது இந்த நான்கில் எதைப் பார்க்கிறது, எங்கிருந்து எடுத்த சாம்பிளில் பார்க்கிறது என்பது. கட்டிக்குள்ளிருந்து எடுத்தால் அந்தப் புற்றின் குணம் தெரியும். மார்ஜினிலிருந்து எடுத்தால் அங்கே என்ன மிச்சமிருக்கிறது என்று தெரியும். இரத்தத்தில் பார்த்தால் உடம்பில் எங்காவது உயிரோடு புற்று இருக்கிறதா என்று தெரியும். விற்பவர்கள் இந்த மூன்றையும் ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுப்பதுதான் பாதிக் குழப்பம்.

கட்டிக்குள் பார்ப்பதிலிருந்து தொடங்குவோம், உங்கள் ரிப்போர்ட்டின் அந்த மூன்று வரிகளும் அதைச் சேர்ந்தவைதான்.

பி53 பாசிட்டிவ் என்பதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். பி53 என்பது டிபி53 மரபணு உருவாக்கும் புரதம். புகையிலை சார்ந்த வாய்ப் புற்றில் மிகப் பெரும்பான்மையானவற்றில் டிபி53 பழுதடைந்திருக்கிறது. 2015இல் வெளியான அமெரிக்கப் புற்று மரபணு அட்லஸ் ஆய்வு 279 தலை-கழுத்துக் கட்டிகளை அலசி இதை உறுதி செய்தது. பெரும்பாலானோரிடம் இருக்கும் ஒன்று ஆளுக்கு ஆள் வித்தியாசத்தை அதிகம் சொல்லாது. அதோடு, சாயமேற்றிப் புரதத்தைப் பார்ப்பதும் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்ப்பதும் ஒன்றாகாது. மரபணு முற்றிலும் உடைந்துபோனால் புரதமே உருவாகாமல் சாயம் ஏறாமலும் போகலாம். அப்போது "நெகட்டிவ்" என்று வருவதுகூட நல்ல செய்தியாக இராது.

பிறழ்வின் வகையை ஆராய்ந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. 2007இல் வெளியான ஆய்வில், வாய் மட்டுமல்லாமல் தலை-கழுத்தின் பல இடங்களில் புற்று வந்து அறுவை செய்துகொண்ட 420 பேரின் கட்டிகளை ஆராய்ந்தபோது பாதிக்குச் சற்று மேல், அதாவது 53 சதவீதத்தில், டிபி53 பிறழ்வு இருந்தது. பிறழ்வு இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் 1.4 மடங்கு, புரதத்தின் வடிவத்தையே குலைக்கும் வகைப் பிறழ்வுகளுக்கு 1.7 மடங்கு. இது உண்மையான தகவல், நன்றாகச் செய்யப்பட்ட ஆய்வு. ஆனால் 1.7 மடங்கு என்பது கூட்டத்தைப் பற்றிய பேச்சு. குலைக்கும் பிறழ்வு இருந்தும் நன்றாக இருப்பவர்கள் ஏராளம், பிறழ்வே இல்லாமல் நோய் திரும்பியவர்களும் ஏராளம். உறை கிழிந்த முடிச்சோ, புற்று எட்டிய மார்ஜினோ தரும் எச்சரிக்கைக்கு மேல் இது புதிதாக எவ்வளவு சேர்க்கிறது என்றால், தனி ஒருவரின் சிகிச்சையை மாற்றும் அளவுக்கு இல்லை.

கேஐ-67 என்பது எத்தனை சதவீத செல்கள் பிரியும் நிலையில் இருக்கின்றன என்ற அளவு. மார்பகப் புற்றில் அதற்கு ஒரு பயன் உண்டு. வாய்ப் புற்றில் அது அதிகமாக இருந்தால் மோசம் என்று சில ஆய்வுகள், வித்தியாசமே இல்லை என்று சில. எண்ணும் இடத்தைப் பொறுத்தும் எண்ணுபவரைப் பொறுத்தும் மாறும். இதை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பி16 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தலை-கழுத்துப் புற்றில் உண்மையிலேயே பெரிய வித்தியாசத்தைக் காட்டிய மார்க்கர் அதுதான். அதையே தவறான இடத்தில் வைத்துப் படிப்பவர்களும் நிறைய. டான்சில், நாக்கின் அடிப்பகுதி ஆகிய நடுத்தொண்டைப் பகுதியில் ஹெச்பிவி வைரஸால் வரும் புற்று வேறு நோய் என்று சொல்லும் அளவுக்கு வேறுபட்டது. 2010இல் வெளியான ஆய்வில் நடுத்தொண்டைப் புற்று நோயாளிகளில் ஹெச்பிவி இருந்தவர்களில் 3 ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 82 சதவீதம், இல்லாதவர்களில் 57 சதவீதம். புகைபிடித்த கணக்கையும் முடிச்சுகளின் நிலையையும் சேர்த்தபோது 93, 71, 46 சதவீதம் என மூன்று அடுக்குகளாகப் பிரிந்தது. இந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால்தான் புற்றின் நிலைகளை வகுக்கும் ஏஜேசிசி கையேடு தன் 8ஆம் பதிப்பில் பி16 பாசிட்டிவ் நடுத்தொண்டைப் புற்றுக்குத் தனி அட்டவணையே போட்டது.

பி16 என்பது வைரஸின் நிழல்தான். வைரஸின் ஈ7 புரதம் செல்லின் கட்டுப்பாட்டைக் குலைக்கும்போது பி16 புரதம் குவிகிறது. அதைத்தான் நாங்கள் சாயமேற்றிப் பார்க்கிறோம். 70 சதவீத செல்களுக்கு மேல் நன்றாக ஏறினால் பாசிட்டிவ். ஆனால் நிழல் இருக்கும் இடத்திலெல்லாம் வைரஸ் இருப்பதில்லை. 2023இல் 7,654 நடுத்தொண்டைப் புற்று நோயாளிகளின் தகவலைத் திரட்டிய ஆய்வில் பி16 ஒன்று சொல்ல, வைரஸ் பரிசோதனை வேறொன்று சொன்னவர்கள் 9 சதவீதம். இரண்டும் பாசிட்டிவான குழுவில் 5 ஆண்டு உயிர்வாழ்வு 81 சதவீதம். பி16 மட்டும் பாசிட்டிவ், வைரஸ் இல்லை என்றவர்களுக்கு அது 55 சதவீதத்துக்கு இறங்கியது. நடுத்தொண்டைக்குள்ளேயே இப்படியென்றால் வாய்க்குள் கேட்கவே வேண்டாம். நாக்கின் முன்பகுதியில் வரும் புற்றில் பி16க்கு இந்த அர்த்தம் கிடையாது, வழக்கமாகச் செய்யவும் பரிந்துரை இல்லை. அப்பாவுக்கு நெகட்டிவ் என்று வந்ததில் வருத்தப்பட ஒன்றும் இல்லை; பாசிட்டிவ் என்று வந்திருந்தாலும் சிகிச்சையைக் குறைக்க அது காரணமாகியிருக்காது.

சரி, மார்ஜினுக்கு வருவோம். அறுவை நோயாளிக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வும் இங்கேதான் இருக்கிறது.

1995இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டேவிட் சிட்ரான்ஸ்கியின் குழு எளிமையான ஒரு கேள்வியைக் கேட்டது. கட்டியில் டிபி53 பிறழ்வு இருக்கிறது. மார்ஜின் சுத்தம் என்று பேத்தாலஜிஸ்ட் சொல்லிவிட்டார். அதே பிறழ்வை அந்தச் "சுத்தமான" மார்ஜினில் மூலக்கூறு அளவில் தேடினால் என்ன கிடைக்கும்? 25 நோயாளிகளில் 13 பேரின் ஏதாவது ஒரு மார்ஜினில் பிறழ்வு கிடைத்தது. அந்த 13 பேரில் 5 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. பிறழ்வு கிடைக்காத 12 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. முடிச்சுகளிலும் அப்படியே: மைக்ராஸ்கோப்பில் சுத்தம் என்ற 28இல் 6 முடிச்சுகளில் பிறழ்வு இருந்தது. மைக்ராஸ்கோப்பையே நம்பி வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களை உலுக்கிய முடிவு அது.

பிறகு ஏன் இது எல்லா மருத்துவமனைக்கும் வரவில்லை? அந்த எண்களையே இன்னொரு முறை பாருங்கள். மார்ஜினில் பிறழ்வு இருந்த 13 பேரில் 8 பேருக்கு அங்கே நோய் திரும்பவில்லை. அவர்களிடம் கிடைத்தது தங்கிப்போன புற்று செல்லா, ஸ்லாட்டர் சொன்ன அந்த மாறிப்போன சவ்வா என்று பரிசோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே பிறழ்வு இருக்கலாம், ஏனென்றால் கட்டியே அந்தச் சவ்விலிருந்துதான் பிறந்திருக்கும். அடுத்தது நேரம்: முடிவு வருவதற்குள் காயத்தைத் தைத்து, வேறிடத்திலிருந்து எடுத்த தசையால் மூடி, நோயாளி வார்டுக்குப் போயிருப்பார். எந்த மூலையில் இன்னும் அறுக்க வேண்டும் என்று அப்புறம் கண்டுபிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஒவ்வொரு நோயாளிக்கும் முதலில் கட்டியின் பிறழ்வைக் கண்டுபிடித்து, அதற்கென்று தனிப் பரிசோதனை தயாரிக்கவும் வேண்டும்.

மார்ஜினில் மரபணு எந்த அளவு விழித்திருக்கிறது, அதாவது வேலை செய்கிறது, என்று பார்க்கும் வழியும் உண்டு. 2011இல் கனடா ஆய்வாளர்கள் எம்எம்பி1, சிஓஎல்4ஏ1, பி4ஹெச்ஏ2, டிஹெச்பிஎஸ்2 என்ற நான்கு மரபணுக்கள் சேர்ந்து காட்டும் பாங்கு, கையொப்பம் என்போம், வாய்ப் புற்று திரும்புவதோடு சேர்ந்து போவதைக் காட்டினார்கள். நான்குமே செல்லைச் சுற்றியிருக்கும் வலைப்பின்னலைக் கட்டுவதிலும் உடைப்பதிலும் சம்பந்தப்பட்டவை என்பதால் உயிரியல்படி அர்த்தமுள்ளதாகவும் இருக்கிறது. இதைப் போல் 10, 15, 20 மரபணுக் கையொப்பங்கள் நிறைய வெளிவந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே மருத்துவமனையின் சில டஜன் நோயாளிகளில் உருவாகி, வேறிடத்தில் சோதிக்கப்படாமல் நின்றுவிட்டன. மார்பகப் புற்றில் 21 மரபணுப் பரிசோதனை ஒன்று ஆயிரக்கணக்கான பெண்களைச் சேர்த்த 2018 ஆய்வில் யாருக்குக் கீமோ தேவையில்லை என்று நிரூபித்துக் காட்டியது. தலை-கழுத்துப் புற்றில் அதற்கு இணையானது நம்மிடம் இல்லை.

இப்போது இரத்தம். ஆய்வகங்கள் இன்று உற்சாகமாக விற்பது இதைத்தான், ஆராய்ச்சியும் இங்கேதான் வேகமாக நகர்கிறது. சாகும் செல்கள் தங்கள் டிஎன்ஏ துண்டுகளை இரத்தத்தில் விடுகின்றன. புற்று செல்லும் அப்படியே. அந்தத் துண்டுகள் சில மணி நேரத்துக்குள் அழிந்துவிடும். அதனால் அறுவைக்குப் பின்னும் அவை தொடர்ந்து தென்பட்டால் எங்கோ ஒரு மூலம் உயிரோடிருக்கிறது என்று பொருள். இந்த எண்ணம் மிகச் சரியானது. நடைமுறையில் எப்படி என்பது, தேடும் துண்டு எவ்வளவு தனித்துவமானது என்பதைப் பொறுத்தது.

ஹெச்பிவி புற்றில் அது வைரஸின் டிஎன்ஏ. உடம்பின் மற்ற செல்களில் இல்லாத அந்நியப் பொருள், அதனால் குழப்பம் குறைவு. 2020இல் வெளியான ஆய்வில் கதிர்வீச்சும் கீமோவும் முடித்த 115 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். சிகிச்சைக்குப் பின் ஒருமுறைகூட வைரஸ் டிஎன்ஏ தென்படாத 87 பேரில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. அடுத்தடுத்து இரண்டு முறை பாசிட்டிவ் வந்த 16 பேரில் 15 பேருக்குத் திரும்பியது. இவர்கள் அறுவை நோயாளிகள் இல்லை என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அறுவை செய்தவர்களிலும் கட்டி முழுதாக வெளியேறினால் அளவு வேகமாக இறங்குவதும், இறங்காமல் நிற்பவர்களுக்கு அபாயம் அதிகம் என்பதும் அதன்பின் தெரியவந்திருக்கிறது. ஹெச்பிவி புற்று உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இதே கழுத்தில் இருக்கும் இன்னோர் உறுப்பு, தைராய்டு, ஒரு நல்ல மார்க்கர் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம். தைராய்டை முழுதாக எடுத்து அயோடின் சிகிச்சையும் முடிந்தபின் தைரோகுளோபுலின் என்ற புரதம் இரத்தத்தில் ஏறத்தாழ இல்லாமல் போக வேண்டும். ஏறினால் தேட வேண்டும். அந்த உறுப்பு மட்டுமே செய்யும் பொருள், உறுப்பே போனபின் இருக்கக் கூடாது. வாய்ப் புற்றில் அப்படி ஒரு பொருள் இல்லை. எஸ்சிசி ஆன்டிஜென், சைஃப்ரா போன்ற பழைய இரத்தப் பரிசோதனைகள் சாதாரணச் சவ்வு செல்லும் செய்யும் புரதங்களைப் பார்ப்பவை. தோல் வியாதியிலும் சிறுநீரகக் கோளாறிலும்கூட ஏறும். அவற்றை நம்பிப் பின்தொடர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்பாவுக்கு வந்தது போன்ற வைரஸ் இல்லாத புற்றில் ஆளுக்கேற்பத் தைத்த பரிசோதனை வேண்டும். கட்டியை வரிசைப்படுத்தி, அதில் உள்ள பல பிறழ்வுகளைப் பட்டியலிட்டு, அவற்றை மட்டும் இரத்தத்தில் தேடுவது. 2022இல் வெளியான லயனஸ் ஆய்வு அறுவை செய்துகொண்ட 17 பேரிடம் இதைச் செய்தது. அறுவைக்கு முன் எல்லோரின் இரத்தத்திலும் கட்டியின் டிஎன்ஏ கிடைத்தது. பின்னால் நோய் திரும்பியவர்கள் அனைவரிடமும் வெளியே தெரிவதற்கு 108 முதல் 253 நாட்களுக்கு முன்பே இரத்தம் காட்டிக்கொடுத்தது. கேட்க அருமையாக இருக்கிறது, இல்லையா? அருமைதான். ஆனால் 17 பேர். சின்னக் கட்டியும், சவ்வின் மேல்பரப்பில் மட்டும் திரும்பும் நோயும் இரத்தத்தில் மிகக் குறைவாகவே டிஎன்ஏ விடும். அப்போது நெகட்டிவ் என்ற முடிவு பொய்யான நிம்மதியைத் தரும். வயதானவர்களுக்கு இரத்த அணுக்களிலேயே டிபி53 பிறழ்வு தானாக உருவாகியிருக்கலாம். வெள்ளை அணுக்களையும் கூடவே வரிசைப்படுத்திக் கழிக்காத ஆய்வகம் அதைப் புற்று என்று எண்ணிவிடும். அறுவை முடிந்த சில நாட்களில் காயம்பட்ட திசுவிலிருந்து சாதாரண டிஎன்ஏ வெள்ளமாக வருவதால் சின்ன சமிக்ஞை அதில் மூழ்கிப் போகும்.

வாய்க்குள் வரும் புற்றுக்கு எச்சிலே இரத்தத்தைவிட நல்ல சாம்பிளாக இருக்கலாம். 2015இல் 93 தலை-கழுத்துப் புற்று நோயாளிகளைப் பார்த்த ஆய்வில், வாய்ப் புற்று உள்ள அனைவரின் எச்சிலிலும் கட்டி டிஎன்ஏ கிடைத்தது. தொண்டையின் கீழே போகப் போக இரத்தம்தான் மேல் என்றானது. அறுவைக்குப் பின் கழுத்தில் வைக்கும் வடிகுழாயில் சேரும் திரவத்தில் தேடுவதும் இப்போது நடக்கிறது. அது புற்று இருந்த இடத்திலிருந்தும் முடிச்சுகளின் பாதையிலிருந்தும் நேரடியாக வடிவது, முதல் நாளிலேயே கிடைப்பது, இல்லையென்றால் வீணாகக் கொட்டிவிடுவது. நான் மிகவும் ஆவலோடு கவனிக்கும் வழி இது. முன்னே சொன்ன நேரச் சிக்கலை இது ஓரளவு அவிழ்க்கிறது: கதிர்வீச்சு தொடங்குவது பொதுவாக 6 வாரத்துக்குள் என்பதால், அதற்குள் முடிவு கையில் இருக்கும்.

இதுவரை சொன்னது, மார்க்கர் சரியாகக் கணிக்கிறதா என்பதைப் பற்றி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் கேள்வி வேறு: கணித்தபின் என்ன செய்வது?

மூக்கடித் தொண்டைப் புற்றில் இது பெரிய பாடமாகவே நடந்தது. அந்தப் புற்றுக்கு ஈபிவி வைரஸ் காரணம். சிகிச்சைக்குப் பின் இரத்தத்தில் ஈபிவி டிஎன்ஏ மிஞ்சினால் நோய் திரும்பும் அபாயம் மிக அதிகம் என்று உறுதியாகத் தெரியும். ஹாங்காங் மருத்துவர்கள் அப்படி மிஞ்சியவர்களில் 104 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்குக் கூடுதல் கீமோ கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது: நோய் திரும்புவது குறையவில்லை. மார்க்கர் சரியாகவே சொன்னது. கையிலிருந்த மருந்துதான் அதற்குத் தீர்வாக அமையவில்லை. வாயில் வெண்படலம் உள்ளவர்களிடமும் அப்படித்தான்: குரோமோசோம் இழப்பு உள்ளவர்களுக்குப் புற்று அதிகம் வரும் என்ற கணிப்பு 2016இல் வெளியான ஆய்வில் நிரூபணமானது, அவர்களுக்குக் கொடுத்த எர்லோட்டினிப் மாத்திரை அதைத் தடுக்கவில்லை. ஈஜிஎஃப்ஆர் புரதம் தலை-கழுத்துப் புற்றில் பெரும்பாலும் மிகுந்திருக்கிறது என்பதால் அறுவைக்குப் பின் அதைத் தடுக்கும் லபாட்டினிப் மருந்தை 688 அதிக அபாய நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2015இல் வந்த முடிவில் பலன் இல்லை.

இன்னொரு பக்கம், பலன் நிரூபணமான சிகிச்சைகள் எல்லாம் யாரைத் தேர்ந்தெடுத்தன என்று பாருங்கள். 2004இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரே சமயத்தில் வெளியான இரண்டு ஆய்வுகள் அறுவைக்குப் பின் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்த்தன. ஐரோப்பிய ஆய்வில் 5 ஆண்டு உயிர்வாழ்வு 40இலிருந்து 53 சதவீதமானது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது யாருக்கு நிச்சயப் பலன் என்றால், முடிச்சின் உறையைப் புற்று தாண்டியவர்களுக்கும் மார்ஜினில் புற்று இருந்தவர்களுக்கும். இரண்டுமே மைக்ராஸ்கோப்பில் தெரிபவை. 2025இல் வெளிவந்த நிவோபோஸ்டாப் ஆய்வு அதே சிகிச்சையோடு நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்து, 3 ஆண்டு நோயின்றி இருப்பவர்களை 52.5இலிருந்து 63.1 சதவீதமாக்கியது. அதிலும் நோயாளிகளைத் தேர்ந்தது பேத்தாலஜி ரிப்போர்ட்தான். கட்டியில் பிடி-எல்1 என்ற புரதத்தின் அளவு பார்த்துக் கொடுக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்துச் சிகிச்சை அறுவைக்கு முன்பே தொடங்க வேண்டியது, அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். அதோடு பிடி-எல்1 என்பது மருந்து வேலை செய்யுமா என்பதற்கான குறி. நோய் திரும்புமா என்பதற்கு அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

குறைக்கும் பக்கமும் எச்சரிக்கை வேண்டும். ஹெச்பிவி புற்று நன்றாகக் குணமாகிறதே, சிஸ்பிளாட்டினுக்குப் பதில் இலேசானது போதும் என்று செட்டுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2018இல் வந்தன. இரண்டிலுமே நோயாளிகள் நிலை மோசமானது. நல்ல மார்க்கர் கையில் இருந்தும், அதை நம்பிச் சிகிச்சையைக் குறைக்கத் தனி நிரூபணம் வேண்டும் என்பதை உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றோம்.

ஆகவே ஆய்வகத்திடம் இதைக் கேளுங்கள். பாசிட்டிவ் என்று வந்தால் அப்பாவின் சிகிச்சையில் என்ன மாறும்? நெகட்டிவ் என்று வந்தால் என்ன மாறும்? எந்த மருத்துவர் அந்த முடிவை வைத்து மாற்றுவார்? பிறகு, இந்தப் பரிசோதனை அறுவை செய்த வாய்ப் புற்று நோயாளிகளில், அவர்கள் உருவாக்கிய குழுவுக்கு வெளியே, எத்தனை பேரில் சோதிக்கப்பட்டது? வெள்ளை அணுக்களைக் கூடவே பார்க்கிறார்களா? பதில் மழுப்பலாக வந்தால் இப்போது வேண்டாம். ஆராய்ச்சியின் பகுதியாக, செலவில்லாமல், ஒப்புதல் வாங்கிச் செய்கிறார்கள் என்றால் தயங்காமல் சேரலாம். இந்தக் கேள்விகளுக்கு விடை அப்படித்தான் வரும்.

அந்த நேரத்தையும் பணத்தையும் வேறு சிலவற்றில் போடுங்கள். ஒரு முடிச்சு பாசிட்டிவ் என்பதால் கதிர்வீச்சு தேவையா என்பதை அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், பேத்தாலஜிஸ்ட் மூவரும் கூடிப் பேசும் டியூமர் போர்டில் வைக்கச் சொல்லுங்கள். கட்டி எவ்வளவு ஆழம், மார்ஜின் எத்தனை மில்லிமீட்டர், நரம்பைச் சுற்றிப் படர்ந்ததா என்பது ரிப்போர்ட்டில் எண்ணோடு இருக்கிறதா என்று பாருங்கள். "சுத்தம்" என்ற ஒற்றைச் சொல் போதாது. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பொதுவாக அதை நெருங்கிய மார்ஜின் என்போம், சிகிச்சையில் அதற்கு வேறு கணக்கு. இல்லாவிட்டால் ஸ்லைடுகளை வாங்கி, தலை-கழுத்துப் புற்று அதிகம் பார்க்கும் இன்னொரு பேத்தாலஜிஸ்ட்டிடம் காட்டலாம். எந்த மரபணுப் பரிசோதனையையும்விட இது சிகிச்சையை மாற்ற வாய்ப்பு அதிகம்.

நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் 2 ஆண்டுக்குள் திரும்பும். முதல் ஆண்டில் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டில் 2 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை என்று பரிசோதனைக்குப் போவது வழக்கம். மருத்துவர் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பதற்கு மாற்றாக எந்த இரத்தப் பரிசோதனையும் இன்னும் நிரூபணமாகவில்லை. 2, 3 வாரம் ஆறாத புண், காதுக்குள் இறங்கும் வலி, விழுங்கும்போது புதிதாகத் தட்டுப்படுவது, கழுத்தில் கட்டி என்று எது வந்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். புகையிலையும் பாக்கும் இருந்தால் இன்றோடு நிறுத்த வேண்டும். அந்த நான்காவது வகைப் புற்றின் மேல் நேரடியாகக் கைவைக்க நமக்குத் தெரிந்த வழி அதுதான்.

கடைசியாக ஒன்று. அறுவையில் எடுத்த திசு மெழுகுக் கட்டிகளாக, பிளாக் என்போமே, அந்த மருத்துவமனையின் பேத்தாலஜி துறையில் இருக்கும். எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்று கேட்டு, அறுவைத் தேதியையும் பிளாக் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளை நிரூபணமான பரிசோதனை ஒன்று வந்தாலோ, நோய் திரும்பி மருந்து தேர்ந்தெடுக்க வேண்டி வந்தாலோ, அந்தக் கட்டியிலிருந்தே செய்யலாம்.